ஹிக்கின்ஸ் பாகவதர்

மலாக்கா மாநிலத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் டொண்டாங் சாயாங் பாட்டை ஒருமுறையேனும் கேளாமல் இருந்திருக்க மாட்டார்கள். வயலினும் ரெபானாவும் கோங்கும் ஒலிக்க, இருவர் நான்கடிப் பந்துன்களை மாற்றி மாற்றிப் பாடுவர். ஒருவர் பாடியதற்கு மற்றவர் அப்போதைக்கப்போதே விடை தொடுக்க வேண்டும். இது மலாய்மொழிப் பாட்டு. ஆயினும் பாடுவோர் மலாய்க்காரர் மட்டுமல்லர். பாபா நோன்யா சீனரும், காஜா பெராங்கில் வாழும் மலாக்கா செட்டிகளும், போர்த்துகீசிய வழியினரும் இதைத் தம் பாட்டாகவே கொண்டுள்ளனர். 2018ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் இதனை மனித குலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகப் பதிவு செய்தபோது இந்நான்கு சமூகத்தாரின் பெயர்களும் சேர்த்தே குறிக்கப்பட்டன. இவர்களுள் செட்டிகள் தமிழ் வணிகர் வழிவந்தவர்கள். 1781இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயில் அவர்களுடையது. வீட்டில் பேசுவது மலாய், கும்பிடுவது விநாயகர், பாடுவது பந்துன். இவற்றுள் எது அவர்களுக்குச் சொந்தம், எது இரவல் என்று கேட்கப் புகுந்தால், கேட்டவரே விழிக்க நேரும்.

ஒரு பாட்டு யாருக்கு உரியது என்னும் இவ்வினா மலாக்காவோடு முடிவதன்று. மேற்காசியாவில் குர்து மக்கள் என்றோர் இனத்தார் துருக்கி, ஈராக், ஈரான், சிரியா ஆகிய நாடுகளில் பிரிந்து வாழ்கின்றனர். அவர்களுடைய போர்க்கதைகளையும் காதற்கதைகளையும் தனிக்குரலில் பாடும் பாணருக்கு 'தெங்பேஜ்' என்று பெயர். குரலால் சொல்பவர் என்பது அச்சொல்லின் பொருள். அத்தகைய பாணருள் தலைசிறந்தவராக எண்ணப்பட்ட கராபேத் காச்சோ குர்தியரே அல்லர், ஆர்மீனியக் கிறித்தவர். 1915ஆம் ஆண்டுப் படுகொலையில் குடும்பத்தாரை இழந்த சிறுவர் அவர். பின்னர்ச் சிரியாவில் பிரெஞ்சுப் படையில் ஊழியம் செய்து, 1946இல் சோவியத் ஆர்மீனியாவில் குடியேறினார். எரெவான் வானொலியின் குர்து ஒலிபரப்பில் வந்த பாட்டுகளை, குர்து மொழி தடைப்பட்டிருந்த துருக்கியில் மக்கள் மறைவாக வைத்துக் கேட்டனர். அவர் 2005இல் எரெவானில் மறைந்தார். அவருக்கு அடுத்த தலைமுறையில் அராம் திக்ரான் என்னும் மற்றோர் ஆர்மீனியரும் குர்து மொழியில் பாடிப் பெயர் பெற்றார். 2009இல் ஏதென்ஸ் நகரில் அவர் இறந்தபோது, தியார்பக்கிர் மண்ணில் அடங்க வேண்டும் என்னும் அவர் விருப்பத்திற்குத் துருக்கி அரசு இசையவில்லை. பிரஸ்ஸல்ஸ் நகரில் அடக்கம் செய்தார்கள்.

தென்னாட்டுக் கருநாடக இசைக்கும் இப்படி ஒருவர் வாய்த்தார். ஒரு வகையில் அவர் கடந்த தூரம் அந்த ஆர்மீனியர் கடந்ததைக் காட்டிலும் பெரிது. ஆர்மீனியருக்கும் குர்தியருக்கும் மலையும் கிணறும் சந்தையும் பொதுவாக இருந்தன. பிள்ளைப் பருவத்திலேயே அந்தப் பாட்டு அவர்கள் காதில் விழுந்திருக்கும். இவரோ இருபது வயது கடந்த பின்னரே தம்புராவின் ஒலியைப் பாடமாகக் கேட்கத் தொடங்கியவர். ஜான் ஹிக்கின்ஸ் என்பது அவர் பெயர். சென்னையிலும் திருவையாற்றிலும் கேட்டவர்கள் அதனோடு 'பாகவதர்' என்னும் பட்டத்தையும் சேர்த்து வழங்கினார்கள்.

அந்தப் பட்டத்தின் எடையைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். பகவானின் புகழைப் பாடுபவர் பாகவதர். கதாகாலட்சேபம் செய்வோருக்கும், பாடுவதோடு சாத்திரமும் சம்பிரதாயமும் அறிந்த வாய்ப்பாட்டுக்காரர்க்கும் வழங்கிவந்த பெயர் அது. செம்பை வைத்தியநாத பாகவதரை இசைப் பிரியர்கள் அறிவர், எம். கே. தியாகராஜ பாகவதரை மலாயாத் தோட்டங்களில் படம் பார்த்த பாட்டன் பாட்டிமார் எல்லாரும் அறிவர். எந்தப் பல்கலைக்கழகமும் கொடுக்கும் பட்டமன்று அது. அத்தகைய பெயரை அமெரிக்கர் ஒருவருக்கு ஒட்டவைத்தபோது, அதில் சிறிது வேடிக்கையும் கலந்திருந்தது என்றே கொள்ளலாம். ஆனால் வேடிக்கையாக ஒட்டிய பெயர்கள் ஆண்டு இரண்டில் உதிர்ந்து போகும். இது உதிரவில்லை.

ஹிக்கின்ஸ் 1939ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் மாநிலத்தில் ஆண்டோவர் என்னும் ஊரில் பிறந்தார். அவ்வூரின் பழைமையான பிலிப்ஸ் அகாடெமி பள்ளியில் தந்தை ஆங்கில ஆசிரியர், தாய் இசையாசிரியை. மகனும் அங்கேயே படித்தார். பிற்பாடு அங்கேயே கற்பித்ததும் உண்டு. ஆசிரியர் வீட்டுப் பிள்ளை என்பது அவர் வாழ்க்கை முழுவதிலும் தெரிகிறது. பின்னர் கனெக்டிகட் மாநிலத்து வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 1962இல் இசை, வரலாறு என்னும் இரு பாடங்களில் இளங்கலைப் பட்டம் பெற்றார். முதுகலை 1964இல், முனைவர் பட்டம் 1973இல். மூன்றும் அதே பல்கலைக்கழகத்தில்.

அக்காலத்தில் அமெரிக்க இசைக் கல்வியில் ஒரு புதிய எண்ணம் தலைதூக்கியிருந்தது. வேற்று நாட்டு இசையைப் பற்றி நூல் எழுதுவோர், அதைத் தாமும் பாடவோ வாசிக்கவோ பழகியிருக்க வேண்டும் என்பதே அது. இரு மொழி பேசுவோர் இருப்பதுபோல் இரு இசை அறிந்தோரும் ஏன் இருக்கக்கூடாது என்று 1960இல் மான்டில் ஹூட் என்னும் பேராசிரியர் கேட்டார். கேட்பதற்கு எளிய கருத்தாகத் தோன்றும். ஆயின் அதுவரை அறிஞர்கள் பலர் ஒலிப்பதிவைக் கேட்டுக் குறிப்பெடுத்துக் கட்டுரை எழுதுவதோடு நின்றவர்கள். நீந்தாமலே நீச்சலைப் பற்றி எழுதுவதற்கு அதை ஒப்பிடலாம். வெஸ்லியனில் இருந்த ராபர்ட் பிரவுன் இப்புதிய கருத்தினர். தாமே மிருதங்கம் கற்றவர். அவருக்கு மிருதங்கம் கற்பித்த டி. ரங்கநாதன் சென்னையிலிருந்து வெஸ்லியனுக்கே வந்து பாடம் சொல்லத் தொடங்கினார். ஹிக்கின்ஸ் தென்னாட்டு இசையை முதன்முதல் பயின்றது இவ்விருவரிடந்தான்.

ரங்கநாதனின் வீட்டைப் பற்றிச் சொல்லாமல் ஹிக்கின்ஸின் கதையைச் சொல்ல இயலாது. வீணை தனம்மாளின் பேரப்பிள்ளைகள் மூவர்: நாட்டியக் கலையரசி பாலசரசுவதி, மிருதங்கம் ரங்கநாதன், புல்லாங்குழல் விசுவநாதன். தனம்மாள் 1867இல் பிறந்து 1938இல் மறைந்தவர். அவர் வீணை வாசிக்கக் கேட்பதற்கென்று சென்னையின் பெரிய வித்துவான்களெல்லாம் அவர் வீட்டுக்கு வந்து அமர்ந்ததாக இசையுலகம் இன்றும் பேசுகிறது. விரைவும் ஆரவாரமும் அந்த வீட்டு இசையில் இல்லை. ஒரு பதத்தை மிகத் தாழ்ந்த காலத்தில் எடுத்து, ஒவ்வொரு சுரமும் அடுத்ததன் மேல் சாய்ந்து இழையும்படி பாடுவது அவர்கள் வழி. இவர்கள் தேவதாசி மரபில் வந்த குடும்பத்தார். கோயில்களில் பெண்களைப் பொட்டுக்கட்டும் வழக்கத்தைச் சென்னை மாகாணம் 1947இல் சட்டமியற்றித் தடுத்தது. வழக்கம் நின்றது நன்றே. ஆனால் அந்த இயக்கத்தின் வேகத்தில் அம்மரபினரின் கலையையே இழிவாக நோக்கும் மனப்பான்மையும் பரவிற்று. தம் ஊரில் பலர் முகம் திருப்பிய காலத்தை வாழ்ந்து கடந்த குடும்பம், கடல் கடந்து வந்த மாணவனுக்குத் தன் பாடாந்தரத்தைத் திறந்து வைத்தது. இரத்த உறவில் காக்கப்பட்ட இசை என்று எதை எல்லாரும் நினைத்தார்களோ, அதுவே தகுதி உள்ளவன் வந்து கேட்டதும் கதவைத் திறந்தது.

ஃபுல்பிரைட் உதவித்தொகை பெற்று, 1960களின் நடுவில் ஹிக்கின்ஸ் சென்னைக்கு வந்து விசுவநாதனிடம் மாணவரானார். விசுவநாதன் அப்போது சென்னைப் பல்கலைக்கழக இசைத் துறையில் தலைமைப் பொறுப்பு வகித்தார். குழல் வாசிப்பவரிடம் வாய்ப்பாட்டு எப்படிக் கற்பது என்று வாசகர்கள் கேட்கலாம். கருநாடக இசையில் எல்லாக் கருவிக்கும் தாய் குரலே. நாதசுரக்காரரும் பாடித்தான் பழகுவார். விசுவநாதன் கச்சேரி நடுவே குழலைக் கீழே வைத்துவிட்டுத் தாமே பாடும் வழக்கம் உடையவர். சாகித்தியத்தின் சொல் எங்கே பிரிகிறதோ, மூச்சும் அங்கேயே பிரிய வேண்டும் என்பதில் அவர் கண்டிப்பானவர்.

இனி, அந்த மாணவர் தாண்ட வேண்டியிருந்த தடைகளைப் பார்ப்போம். பள்ளியாசிரியர்களுக்கு இதுவே இக்கதையின் சுவையான பகுதி.

முதல் தடை தாள். மேனாட்டு இசைப் பயிற்சி பெற்றவர் ஐந்து கோடுகளில் எழுதிய சுரக்குறியைக் கண்ணால் பார்த்துப் பாடுவார். அந்தக் குறிகள் ஒவ்வொன்றும் ஒரு புள்ளி. கருநாடக இசையிலோ உயிர் இரண்டு புள்ளிகளுக்கும் இடைப்பட்ட வழியில் இருக்கிறது. அந்த வழியைத்தான் கமகம் என்கிறோம். எடுத்துக்காட்டாக, ஸ்ரீராகத்தையும் மத்தியமாவதியையும் காண்க. இரண்டும் மேலேறும்போது 'ச ரி ம ப நி ச' என்றே ஏறும். கீழிறங்கும்போது ஸ்ரீராகம் காந்தாரத்தைச் சிறிது தொட்டு 'ரி க ரி ச' என்று வளைந்து முடியும்; மத்தியமாவதியில் காந்தாரமே கிடையாது. தாளில் பார்த்தால் வேறுபாடு ஓர் எழுத்து. அந்தக் காந்தாரத்தை எவ்வளவு நேரம், ரிஷபத்திலிருந்து எவ்வளவு சாய்வாக எடுக்க வேண்டும் என்பது எந்த எழுத்திலும் அடங்காது. நீட்டி நிறுத்தினால் ராகம் கெட்டுவிடும். ஆசிரியர் பாட, மாணவர் திருப்பிப் பாட, 'அன்று, இன்னும் ஒருமுறை' என்று அவர் சொல்ல, நூறு தடவைக்குப் பின் ஒருநாள் அது தானே வந்து அமரும். தமிழில் இதற்குக் கேள்வி ஞானம் என்று அழகான பெயர் இருக்கிறது.

மெர்லிமாவ், ஜாசின் வட்டாரத் தோட்டங்களில் பஜனைக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்த முதியவர்கள் சுரக்குறியைக் கண்டவர்கள் அல்லர். தேவாரத்தையும் மாரியம்மன் தாலாட்டையும் காதுவழியே வாங்கிக் காதுவழியே கொடுத்தார்கள். பட்டம் பெற்ற அமெரிக்க இளைஞர் சென்னைக்கு வந்து கற்க நேர்ந்ததும் இதே முறையைத்தான். படித்தவருக்கு இது எளிதன்று. தாளைப் பார்க்கப் பழகிய கண், காதை வேலை செய்யவிடாமல் குறுக்கே நிற்கும்.

இரண்டாம் தடை நாக்கு. ஆங்கிலம் பேசுவோர் சொல்லின் முதலில் வரும் க, ட, ப ஒலிகளோடு ஒரு மூச்சையும் சேர்த்துத் தள்ளுவர். தமிழ்ச் சொல்லில் அந்த மூச்சு கூடாது. பல்லில் பட்டுப் பிறக்கும் தகரமும், நாவை மடித்துப் பிறக்கும் டகரமும் ஆங்கிலத்தில் இல்லை. அவர்களுடைய ஒலி இரண்டுக்கும் நடுவே கிடப்பது. இவற்றைக்கூடப் பயிற்சியால் திருத்திவிடலாம். உயிரெழுத்துத்தான் ஆளைக் காட்டிக் கொடுக்கும். ஆங்கிலத்தார் 'ஓ' என்று தொடங்கினால் அது முடியும்போது உதடு குவிந்து 'உ'கரத்தில் போய் நிற்கும்; 'ஏ' என்று தொடங்கினால் 'இ'கரத்தில் போய் நிற்கும். பேச்சில் இது தெரியாது. பாட்டில் ஒரு கார்வையை நான்கு அட்சரம் நீட்டும்போது, ஓகாரம் ஓகாரமாகவே இறுதிவரை நிற்காவிட்டால் கேட்பவர்க்குச் சிரிப்பு வந்துவிடும். மேலும் ஆங்கிலத்தில் அழுத்தம் பெறாத உயிர்கள் மங்கிப் போகும். தமிழ், தெலுங்குச் சாகித்தியங்களில் குறிலும் நெடிலும் தம் மாத்திரையை விட்டுக் கொடுப்பதில்லை. ஹிக்கின்ஸ் பாடியவை தெலுங்கு, தமிழ், கன்னடம், வடமொழி என்று பல மொழிச் சாகித்தியங்கள். ஒவ்வொன்றிலும் இந்தச் சோதனை உண்டு. அவருடைய இசைத்தட்டுகளைக் கேட்பவர்கள் கார்வைகளைக் கவனித்துக் கேட்கவேண்டும். உயிர்கள் வழுக்குவதில்லை.

மூன்றாவது, தாளம். இதில் அவர் பிழைத்துக்கொண்டார் என்றே சொல்லவேண்டும். பாட்டுக்கு முன்பே ரங்கநாதனிடம் மிருதங்க வழியின் கணக்கைக் கேட்டுப் பழகியவர் அல்லவா?

சென்னைக்கு வந்து அதிக காலம் ஆகாமலே திருவையாற்றில் தியாகராச ஆராதனையில் பாடும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. 1847இல் மறைந்த தியாகராசரின் சமாதி காவிரிக் கரையில் இருக்கிறது. ஆண்டுதோறும் தை மாதத்தை ஒட்டி வித்துவான்கள் அங்கே கூடிப் பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைப் பாடி அஞ்சலி செலுத்துவர். அந்தச் சமாதிக்குக் கோயில் எழுப்பியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். அவரும் தேவதாசி மரபில் வந்தவரே. பெண்களை அங்கே பாடவிடாத காலம் ஒன்று இருந்தது. அவர் போராடித்தான் அந்த நிலையை மாற்றினார். ஆகவே யார் பாடலாம், யார் பாடக்கூடாது என்னும் வழக்கு திருவையாற்று மணலுக்குப் புதிதன்று. ஹிக்கின்ஸ் அங்கே பாடினார்; கூட்டம் அவரை ஏற்றுக்கொண்டது; பெயர் பரவிற்று.

முதலில் வந்த கூட்டம் எதற்காக வந்தது என்பதில் மயக்கம் வேண்டியதில்லை. வெள்ளைக்காரர் ஒருவர் தெலுங்குக் கீர்த்தனை பாடுகிறாராம் என்று வேடிக்கை பார்க்க வந்தவர்கள் பலர் இருந்திருப்பர். வியப்பு ஒரு நல்ல அழைப்பிதழ். ஆனால் அது பந்தி வரைக்கும் உதவாது. இரண்டாவது கச்சேரிக்கும் வருபவன் பாட்டுக்காகத்தான் வருகிறான். ஹிக்கின்ஸுக்கு அத்தகைய கேட்போர் கிடைத்தார்கள். அமெரிக்க இந்திய ஆய்வு நிலையத்தின் உதவியோடு மீண்டும் இந்தியா வந்து பாடினார், இசைத்தட்டுகளும் வெளியாயின. அவற்றுள் பலரும் இன்றுவரை தேடிக் கேட்பது பஞ்சரத்தினங்களுள் ஐந்தாவதான 'எந்தரோ மகானுபாவுலு'. மேலே சொன்ன ஸ்ரீராகத்தில் அமைந்ததே அது. உலகிலுள்ள பெரியோர் அனைவர்க்கும் வணக்கம் கூறுவது அக்கீர்த்தனையின் கருத்து. இன்ன குலத்துப் பெரியோர், இன்ன நாட்டுப் பெரியோர் என்னும் வரையறை அதில் இல்லை.

அவருடைய பாட்டை எப்படி மதிப்பிடுவது? செம்மங்குடியோடும் அரியக்குடியோடும் வைத்து எண்ணத்தக்க கற்பனைச் செல்வம் அவரிடம் இருந்தது என்று சொல்வது மிகை. இருபது வயதுக்கு மேல் தொடங்கியவருக்கு அது கைகூடுவதும் அரிது. அவரிடம் இருந்தது வேறொன்று. குரலில் அமைதி, சுருதியில் உறுதி, சாகித்தியத்தின் மீது மரியாதை. பாட்டை முந்திக்கொண்டு தாம் நிற்கவேண்டும் என்னும் ஆசை அவர் பாட்டில் கேட்பதில்லை. தனம்மாள் வீட்டுப் பாடத்தின் சுவடு அது. அயலார் என்று சலுகை காட்டாமல் கேட்டாலும் அந்த இசைத்தட்டுகள் நிற்கும்.

கச்சேரிப் புகழோடு அவர் நின்றிருந்தால் கதை இங்கே முடிந்திருக்கும். அவர் பாலசரசுவதியிடம் போய் மறுபடியும் மாணவராக அமர்ந்தார். முனைவர் பட்டத்திற்கு அவர் எடுத்துக்கொண்ட பொருள் பரதநாட்டியத்தின் இசை. நாட்டியம் என்றால் கண்ணுக்கு உரியது என்றும், பாட்டு அதற்குப் பக்கத் துணை என்றும் பலர் நினைக்கின்றனர். பாலசரசுவதியின் வழியில் அப்படியன்று. அவர் ஆடும்போதே தாமும் பாடுவார். ஒரு பதத்தின் ஒரே அடியைப் பாடுபவர் பத்து விதமாக வளைத்துப் பாட, ஆடுபவர் அவ்வோரடிக்குப் பத்துப் பொருள் காட்டுவார். தலைவி ஒருமுறை சினப்பாள்; அதே சொல்லில் மறுமுறை இரங்குவாள்; பிறிதொருமுறை தன்னையே எள்ளிச் சிரிப்பாள். சொல் மாறவில்லை, இசை அதனை மாற்றுகிறது. இதை வெளியிலிருந்து பார்த்து எழுத இயலாது. பாடத் தெரிந்த ஒருவர், பாடிக்கொண்டே ஆடும் ஒருவரிடம் கேட்டு எழுத வேண்டிய பொருள் அது. இசையரங்கில் பெயர் வாங்கிய பின், நாட்டியப் பாட்டுக்காரர் இருக்குமிடத்தில் போய் உட்கார எத்தனை பேருக்கு மனம் வரும் என்பதையும் எண்ணவேண்டும். அந்நாளில் சென்னையில் அவ்விரண்டுக்கும் மதிப்பு ஒன்றாக இல்லை. 1973இல் அவ்வாய்வுக்குப் பட்டம் கிடைத்தது. அதே 1973இல் பாலசரசுவதிக்குச் சென்னை மியூசிக் அகாடெமியின் சங்கீத கலாநிதிப் பட்டமும் கிடைத்தது. நாட்டியக் கலைஞர் ஒருவர் அப்பட்டத்தைப் பெற்றது அதுவே முதல் தடவை.

இதற்கிடையில் 1971இல் கனடாவின் டொரான்டோ நகரத்து யார்க் பல்கலைக்கழகத்தில் இந்திய இசைப் படிப்பொன்றை ஹிக்கின்ஸ் தொடங்கினார். தனியாகத் தொடங்கவில்லை. பழனி சுப்பிரமணிய பிள்ளையின் மாணவரான மிருதங்க வித்துவான் திருச்சி சங்கரனை உடன் அழைத்துக்கொண்டார். அமெரிக்கர் வாய்ப்பாட்டுச் சொல்லித்தர, திருச்சிக்காரர் மிருதங்கம் சொல்லித்தர, பனி பெய்யும் ஊரில் பாடம் நடந்தது. ஹிக்கின்ஸ் 1978இல் வெஸ்லியனுக்கே பேராசிரியராகவும் கலை மையத்தின் இயக்குநராகவும் திரும்பிவிட்டார். சங்கரன் யார்க்கில் நாற்பதாண்டுகளுக்கும் மேலாகக் கற்பித்தார். 2011இல் அவரும் சங்கீத கலாநிதி ஆனார். கலைஞர் ஒருவர் தொடங்கியது அவரில்லாமலும் நடந்தால்தான் அதைப் பள்ளி என்று சொல்லலாம்.

மலேசியாவிலும் இதையொத்த வாழ்க்கை உண்டு. மலாய் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த ரம்லி இப்ராகிம், அடையாறு கே. இலட்சுமணனிடம் பரதநாட்டியமும், தேவபிரசாத் தாசிடம் ஒடிசியும் கற்றார். கோலாலம்பூரில் சூத்திரா நாட்டியக் குழுவை நிறுவித் தமிழ்ப் பிள்ளைகள் பலருக்கும் அவரே ஆசிரியராயினர். 2018இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது. அவர் கதை தனியே விரித்து எழுதத்தக்கது.

ஹிக்கின்ஸிடம் 'இது உங்கள் இசையா' என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ! அவர் நடந்துகொண்ட முறையில் விடை இருக்கிறது. மேனாட்டு இசையைத் துறந்துவிட்டதாகவோ, மறுபிறவி எடுத்ததாகவோ அவர் வேடம் போடவில்லை. அமெரிக்கராகவே இருந்தார்; அங்கேயே பேராசிரியராகத் திரும்பினார். கருநாடக இசையைப் புதுமை செய்கிறேன் என்று அதில் தம் நாட்டுச் சரக்கைக் கலக்கவும் முற்படவில்லை. ஆசிரியர் கொடுத்ததைக் கொடுத்தபடி பாடினார். டொண்டாங் சாயாங் பாடும் செட்டியும் பந்துனைப் பந்துனாகவே பாடுகிறார். அதன் எதுகை விதியை ஒருவரும் அவருக்காகத் தளர்த்துவதில்லை. உரிமை வந்தது அந்த விதிக்குக் கட்டுப்பட்டதனாலேயே. இங்கே இன்னொரு பக்கமும் உண்டு, அது நமக்குச் சற்று உறைக்கக்கூடியது. பிறப்பினால் கிடைத்த உரிமை என்று ஒன்றை நம்பி, காதைத் திறக்காமல் இருப்பவரிடத்தில் அந்த உரிமை எத்தனை தலைமுறை தங்கும்? தாய்மொழி வீட்டிலிருந்து போனதைச் செட்டிகள் வரலாற்றில் கண்கூடாகக் காண்கிறோம். பாட்டும் அப்படிப் போகக்கூடியதே.

1984 பிப்ரவரியில் பாலசரசுவதி சென்னையில் காலமானார். அதே ஆண்டு டிசம்பர் 7ஆம் நாள், சாலையோரம் நடந்து சென்ற ஹிக்கின்ஸை மதுபோதையில் ஓட்டிவந்த ஒருவரின் கார் மோதிற்று. மோதியவர் நிறுத்தாமல் போய்விட்டார். ஹிக்கின்ஸ் உயிர் பிழைக்கவில்லை. அப்போது அவருக்கு வயது 45. கருநாடக இசையில் வாய்ப்பாட்டுக்காரர்க்கு அது முதிர்ச்சி தொடங்கும் வயது. குரல் கனிந்து, விரைவில் ஆசை குறைந்து, பதங்கள் தம் முழு நிறத்தோடு வெளிவரும் பருவம். அவர் ஐம்பதிலும் அறுபதிலும் பாடியிருக்கக்கூடிய பைரவியும் தோடியும் இல்லாமலே போயின.

ரங்கநாதன் 1987இல் மறைந்தார். விசுவநாதன் அமெரிக்காவுக்குப் போய், 1975 முதல் வெஸ்லியனிலேயே கற்பித்துவந்தார். மாணவரும் ஆசிரியரும் ஒரே பல்கலைக்கழகத்தில் சில ஆண்டுகள் சேர்ந்து பணியாற்றியிருக்கின்றனர். மாணவர் முந்திக்கொண்டார். ஆசிரியர் 2002இல் மறைந்தார்.